பழைய செமி டிரக்கை ஃபிஃப்த் வீல் இழுக்கும் வண்டியாக மாற்றுவது: டிரெய்லரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். 40 அடி நீளமும் 18,000 பவுண்டு எடையும் உள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (மூக்கு இழுக்கும் வண்டியின் மேல் அமரும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) வைத்திருக்கிறோம். ஒரு டன் பிக்கப்பில் மலை இறங்கும்போது பயமாக இருக்கிறது. சரக்கு கம்பெனிகள் கழித்துவிடும் வால்வோ விஎன்எல் செமி டிரக் ஒன்றை வாங்கி மாற்றினால் சரிவருமா? ஸ்மார்ட் என்ற இரண்டு இருக்கைக் குட்டிக் காரை டிரக்கின் மேலே ஏற்றிக்கொண்டு போகும் எண்ணமும் உண்டு.

சரிவரும். ஆனால் இதைப் பற்றி விசாரிக்கிற எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை குதிரைசக்தி, எத்தனை கியர் என்று. 80,000 பவுண்டு இழுக்கக் கட்டப்பட்ட வண்டிக்கு உங்கள் டிரெய்லர் ஒரு பொருட்டே இல்லை. வால்வோவின் டி13 என்ஜினில் குறைந்த திறன் உள்ளதே போதும். வேலை கெடுவது வேறு இடங்களில்: கிங்பின் (டிரெய்லரின் மூக்குக்கு அடியில் நிற்கும் இணைப்பு முளை) எங்கே வருகிறது, டிரெய்லர் பிரேக்குக்கு யார் சொல்கிறார்கள், வண்டி என்னவென்று பதிவாகிறது. இந்த மூன்றுக்கும் விடை டிரெய்லரில் இருக்கிறது. ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் டிரெய்லரிடம் போங்கள்.

டிரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, கிங்பின் பொருத்திய பெட்டியான பின் பாக்ஸின் அடிப்பரப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். பெரும்பாலும் 46 முதல் 50 அங்குலத்துக்குள் வரும். அடுத்து, கிங்பின்னில் இறங்கும் எடை. ஃபிஃப்த் வீலில் இது மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம். உங்களுக்கு 3,600 முதல் 4,500 பவுண்டு. விளம்பரத் தாளில் போட்டிருப்பது காலி டிரெய்லரின் எண். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றியபின் எடை மேடையில் எடுத்ததுதான் கணக்குக்கு உதவும். மூன்றாவது, கிங்பின்னுக்கு முன்னால் டிரெய்லரின் மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. மூக்கு 24 அங்குலம் நீண்டு, அகலம் 102 அங்குலம் என்றால், திரும்பும்போது மூக்கின் மூலை கிங்பின்னைச் சுற்றி 56 அங்குல ஆரத்தில் வட்டம் போடும் (51-ன் வர்க்கத்தோடு 24-ன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 56.4). கிங்பின்னுக்கும் ஸ்லீப்பருக்கும் (ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கை அறை), அல்லது கிங்பின்னுக்கும் மேலே நிற்கும் காருக்கும், 60 அங்குலம் இருந்தால் எந்தக் கோணத்திலும் இடிக்காது.

இப்போது டிரக்கின் நீளம். ஸ்டியரிங் ஆக்ஸிலிலிருந்து (முன் ஆக்ஸில்) ஸ்லீப்பரின் முதுகு வரை 150 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம் (வாங்கும் வண்டியில் அளந்து பாருங்கள், மாறும்). கார் வேண்டாம் என்றால் கிங்பின் 210-ஆவது அங்குலத்தில் அமரலாம். ஸ்மார்ட் காரைக் குறுக்கே நிறுத்தினால் அதன் அகலத்துக்கு 62, ஸ்லீப்பருக்கும் காருக்கும் இடையே 3, பிறகு அந்த 60. கிங்பின் 275-க்குப் போய்விடும். முன் பம்பரிலிருந்து ஸ்டியரிங் ஆக்ஸில் வரை 50 அங்குலம், கிங்பின்னுக்குப் பின்னால் டிரெய்லர் 38 அடி. கூட்டினால் கார் இல்லாமல் 60 அடிக்குச் சற்றுக் குறைவு, காரோடு 65 அடிக்கு ஓரிரு அங்குலம் அதிகம். டெக்சாஸ், கலிஃபோர்னியா இரண்டிலும் இத்தகைய இணைப்புக்கு வரம்பு 65 அடி. ஆக 40 அடி டிரெய்லரும் ஸ்மார்ட் காரும் விளிம்பில் நிற்கின்றன. 77 அங்குல ஸ்லீப்பர் உள்ள விஎன்எல் 730, 780 மாடல்களை வாங்கினால் 16 அங்குலம் இன்னும் கூடும். 61 அங்குல ஸ்லீப்பர் உள்ள 630, 670 உங்களுக்குப் பொருத்தம். இன்னொன்று: இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட் 106 அங்குல நீளம். குறுக்கே ஏற்றினால் 102 அங்குல அகல வரம்பை இரு பக்கமும் சேர்த்து 4 அங்குலம் மீறும். பலர் கண்டுகொள்ளாமல் ஓட்டுகிறார்கள். சட்டப்படி அது மீறல்தான். விபத்து என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் டேப்போடு வருவார்.

அடுத்தது சிங்கிள் செய்வது, அதாவது பின்னாலுள்ள இரண்டு ஆக்ஸிலில் ஒன்றைக் கழற்றுவது. கட்டாயம் இல்லை. ஆனால் கழற்றினால் சுமார் 2,500 பவுண்டு குறையும், டயர் நான்கு மிச்சம், சுங்கச்சாவடியில் ஆக்ஸில் கணக்கு குறையும், முக்கியமாக வண்டி குலுங்குவது குறையும். 38,000 பவுண்டுக்குக் கட்டிய சஸ்பென்ஷன் மீது 4,000 பவுண்டை வைத்தால் அது அசைந்தே கொடுக்காது.

ஆக்ஸில் எங்கே நிற்க வேண்டும் என்பதில் மூன்று வழக்கங்கள் உண்டு. டேண்டம் (இரட்டைப் பின் ஆக்ஸில்) வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலிலிருந்து பின் ஆக்ஸில் வரையுள்ள தூரம், 220 அங்குலம் என்றால், அது இரண்டு பின் ஆக்ஸிலுக்கும் நடுவே எடுத்த அளவு; ஆக்ஸில்களுக்கு இடையே 52 அங்குலம். முன்னிருக்கும் இடத்தில் ஆக்ஸிலை வைத்தால் வீல்பேஸ் 194, நடுவில் வைத்தால் 220, பின்னிருக்கும் இடத்திலேயே விட்டால் 246. கிங்பின் 275-இல் இருக்கையில், ஆக்ஸிலுக்குப் பின்னால் முறையே 81, 55, 29 அங்குலம் தொங்கும். 4,300 பவுண்டு கிங்பின் எடையை 81-ஆல் பெருக்கி 194-ஆல் வகுத்தால் சுமார் 1,800 பவுண்டு ஸ்டியரிங் ஆக்ஸிலிலிருந்து தூக்கப்படுகிறது. 10,800 பவுண்டு நிற்கும் முன் ஆக்ஸில் அதைத் தாங்கும். ஸ்டியரிங் பிடியும் போகாது. ஆனால் 81 அங்குலத் தொங்கல் இருந்தால், வளைவில் டிரெய்லர் டிரக்கின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும், திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும். கார் ஏற்றுவதாக இருந்தால் நடு அல்லது பின் இடமும், ஏற்றவில்லை என்றால் முன் இடமும் என் தேர்வு. காரில்லாமல் 246 வீல்பேஸ் வைத்துக்கொண்டு கேம்ப்கிரவுண்ட் மரங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பது வீண் வேதனை.

எந்த ஆக்ஸிலைக் கழற்றுவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டேண்டத்தில் முன்னால் நிற்கும் ஆக்ஸிலுக்குள் பவர் டிவைடர் இருக்கிறது. என்ஜின் விசையைத் தனக்கும் பின்னாலுள்ளதற்கும் பங்கிடுவது அதுதான். பின்னாலுள்ளதைக் கழற்றிவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டால், விசை எதிர்ப்பே இல்லாத பின் வாய் வழியாகப் போகும். ஷாஃப்ட் சுற்றும், வண்டி நகராது. பவர் டிவைடரைப் பூட்டும் இன்டர்-ஆக்ஸில் லாக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டலாம் என்பார்கள். அந்த லாக் காற்றில் இயங்குகிறது. காற்று போனால் வண்டி நடுச்சாலையில் நிற்கும். சரியான வழி: பவர் டிவைடர் இல்லாத பின் ஆக்ஸிலை வைத்துக்கொண்டு, முன்னதைக் கழற்றி, தேவைப்பட்டால் பின்னதை முன்னுக்கு நகர்த்துவது.

நகர்த்தியபின், கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் புதிதாக அளவெடுத்துச் செய்து பேலன்ஸ் போட வேண்டும். தாங்கலில்லாத ஒரு துண்டு 70 அங்குலத்துக்கு மேல் போனால் நடுவில் கேரியர் பேரிங் வேண்டும். கியர்பாக்ஸ் வாயின் கோணமும் ஆக்ஸிலுக்குள் விசை நுழையும் கிரவுன் பினியனின் கோணமும் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஜாயிண்ட் ஒவ்வொன்றின் மடிப்பும் 3 டிகிரிக்குள். மணிக்கு 55 மைலுக்கு மேல் போகையில் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஏர் சஸ்பென்ஷன் என்பதால் இன்னொரு கண்ணி உண்டு: வண்டியின் உயரத்தைச் சீராக வைக்கும் லெவலிங் வால்வின் கம்பி கழற்றிய ஆக்ஸிலில் மாட்டியிருந்தால் அதை மாற்றிக் கட்டி, ரைடு ஹைட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பினியன் கோணத்தை அளக்க வேண்டும். ஹைட் ஓர் அங்குலம் மாறினால் கோணமும் மாறிவிடும். ஏபிஎஸ் சென்சர் எந்த ஆக்ஸிலில் இருக்கிறது என்று கழற்றுவதற்கு முன்பே பாருங்கள். போகிற ஆக்ஸிலில் இருந்தால் மீதமுள்ளதற்கு மாற்ற வேண்டும். ஆறு சென்சர் வண்டி என்றால் கண்ட்ரோல் யூனிட்டையும் நான்குக்கு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, ஏபிஎஸ்ஸும் வேலை செய்யாது.

சேசிஸ் விஷயத்தில் சுருக்கமாக மூன்று விதிகள். ரெயில், அதாவது சேசிஸின் நீளச் சட்டம், வெப்பப்பதம் கொடுத்த எஃகு. வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், பிற்பாடு அங்கேதான் விரிசல் வரும். மேல் கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது, நடுப்பட்டையில் மட்டும். பின்னால் அதிகமாக உள்ள நீளத்தை அறுக்கும்போது கேஸ் கட்டர் வேண்டாம், ரம்பத்தால் அறுத்து, முனையில் குறுக்குச் சட்டம் ஒன்றை போல்ட் போட்டு இறுக்குங்கள். மேலே வைக்கும் பெட்டும் (கார் நிற்கும் தளம்) அப்படியே: சப்-ஃபிரேமுக்கும் ரெயிலுக்கும் நடுவே கெட்டி மரம் அல்லது ரப்பர் பட்டை, பக்கவாட்டில் பிளேட், 10.9 தர போல்ட்.

டிரக்கோடு வந்த பெரிய ஃபிஃப்த் வீல் தட்டிலேயே டிரெய்லரை மாட்டலாமா? கிங்பின் இரண்டிலும் 2 அங்குலம்தான், மாட்டும். ஆனால் சரக்கு டிரெய்லருக்கான தட்டு முன்னும் பின்னும் மட்டுமே சாயும். ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் சரக்கு டிரெய்லரின் முறுக்கத்தை அதன் எஃகு உடம்பு வாங்கிக்கொள்ளும். உங்கள் டிரெய்லரில் அந்த முறுக்கம் கிங்பின் பாக்ஸின் வெல்டிங்கிலும் முன்சுவரின் சட்டத்திலும் போய் உட்காரும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் சரிவே போதும். நாற்புறமும் சாயும் தலையும் அடியில் அதிர்வை வாங்கும் ஏர்பேகும் உள்ள ஹிட்ச் (இணைப்பான்) வாங்குங்கள். டிரெய்லர்சேவர், ஈடி போன்றவை இந்த வேலைக்கென்றே வருபவை. சேசிஸின் மேல்தளம் தரையிலிருந்து சுமார் 40 அங்குலம் இருக்கும். நீங்கள் அளந்த பின் பாக்ஸ் உயரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்துக்குள் ஹிட்ச் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் தாழ்ந்த குறுக்குச் சட்டம் போட்டு ரெயில்களுக்கு நடுவே இறக்கிப் பொருத்துவார்கள். ஹிட்ச்சின் ஏர்பேகுக்குக் காற்றை பிரேக் டாங்கிலிருந்து நேராக எடுக்காதீர்கள். நடுவே பிரஷர் புரொடெக்ஷன் வால்வு இருந்தால், பேகு வெடித்தாலும் பிரேக் டாங்கின் காற்று காலியாகாது.

இனி, கவனக்குறைவுக்கு இடமே கொடுக்கக்கூடாத பகுதி: டிரெய்லர் பிரேக்கும் வயரிங்கும். டிரக்கில் ஏர் பிரேக். டிரெய்லரில் மின்சார டிரம் அல்லது மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க். டிரக்கின் பின்னால் ஏற்கெனவே ஏழு முனை சாக்கெட் இருக்கிறது, உங்கள் டிரெய்லரிலும் ஏழு முனை பிளக். வடிவம் வேறு என்பதால் நேரடியாக மாட்டாது. அப்போது வயரிங்காரர் நிறத்துக்கு நிறம் சேர்த்துவிடுகிறார். டிரக் சாக்கெட்டில் நீலக் கம்பி சரக்கு டிரெய்லரின் ஏபிஎஸ்ஸுக்கான 12 வோல்ட். சாவி போட்டதும் உயிர் வந்துவிடும். உங்கள் டிரெய்லரில் நீலம் என்றால் பிரேக். சேர்த்தால் சாவியைத் திருப்பியதும் டிரெய்லர் பிரேக் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அந்த எஞ்சினுக்கு இது உறைக்காமலே போகலாம். இழுத்துக்கொண்டே போகும், டிரம் புகையும்போதுதான் தெரியும். கறுப்பும் அப்படியே: டிரக்கில் அது ஓர விளக்குகளுக்கு, உங்கள் டிரெய்லரில் பேட்டரி சார்ஜுக்கு. நிறத்தை மறந்துவிடுங்கள். டெஸ்ட் லைட்டை வைத்து ஒவ்வொரு முனையும் எப்போது உயிர் பெறுகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு சேருங்கள்.

விளக்குகளில் இன்னொரு வேறுபாடு. டிரக்கில் பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனிக் கம்பி. பெரும்பாலான பொழுதுபோக்கு டிரெய்லர்களில் இரண்டும் ஒரே பல்பு, பக்கத்துக்கு ஒரு கம்பி. நடுவில் மூன்றை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அதற்குத் தனியாக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த சப்ளை கொடுங்கள், டிரக்கின் விளக்குச் சுற்றுக்குக் கூடுதல் பளு வராது.

பிரேக் கண்ட்ரோலரில் இரண்டு வகை நடைமுறையில் உண்டு. டிரக்கின் பிரேக் காற்றழுத்தத்தை ஒரு சென்சரால் படித்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்புவது ஒன்று; மிதியின் அழுத்தத்துக்கு ஏற்ற பிடி கிடைக்கும், காசு இருந்தால் இதுதான். மற்றது டெகோன்ஷா பி3 போல வேகக் குறைவை உணர்ந்து அனுப்புவது. பிரேக் விளக்கின் சிக்னல் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் கண்ட்ரோலரில் அதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் பம்ப் தாமதமாகப் பிடிக்கும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. சப்ளைக்கும் பிரேக்குக்கும் 10 கேஜ் கம்பி. இரண்டு ஆக்ஸில் டிரெய்லருக்கு 20 ஆம்பியர், மூன்று ஆக்ஸிலுக்கு 30 ஆம்பியர் பிரேக்கர். சில டிரக்குகளில் எஞ்சின் பிரேக் போட்டாலே பிரேக் விளக்கு எரியும்படி அமைத்திருப்பார்கள். பி3 மாதிரியான கண்ட்ரோலர் அதை உண்மையான பிரேக் என்று எடுத்துக்கொண்டு, நீண்ட இறக்கம் முழுவதும் டிரெய்லர் பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வரும். இறக்கத்துக்குப் பிறகு டிரம்மில் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் பக்கத்தில், டிரெய்லருக்குக் காற்று அனுப்பும் சிவப்பு நாபுக்கு இனி வேலையில்லை. வாய்களை அடைத்துவிடலாம். ஆனால் சில வண்டிகளில், டிரெய்லர் லைனில் காற்று இல்லை என்றால் டிரக் தனியாக ஓடுகிறது என்று எண்ணிப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் பாப்டெயில் வால்வு இருக்கும். உங்கள் டிரெய்லர் காற்றே வாங்காது என்பதால் அந்த வால்வு எப்போதும் குறைத்தே கொடுக்கும், மேலே 4,000 பவுண்டு நின்றாலும். ஏர் பிரேக் மெக்கானிக்கிடம் இப்படியொரு வால்வு இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் சாதாரண ரிலே வால்வுக்கு மாற்றிவிடலாம். டிரெய்லர் பிரிந்து போனால் அதன் பிரேக்கைப் போடும் பிரேக்அவே சுவிட்சின் கம்பியை ஹிட்ச்சில் கட்டாதீர்கள், சேசிஸில் கட்டுங்கள். ஹிட்ச்சே பிய்ந்து போகும் நாளுக்குத்தான் அந்தக் கம்பி.

இனி வண்டி தேர்வு. ஐ-ஷிஃப்ட் கியர்பாக்ஸ் உள்ள விஎன்எல் எடுங்கள். காரோட்டிப் பழகியவருக்குக் கிளட்ச் மிதி இல்லாதது பெரிய ஆறுதல். ஐந்து, ஆறு லட்சம் மைல் ஓடியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மைலோடு எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் ஈசிஎம்மிலிருந்து (எஞ்சின் கம்ப்யூட்டர்) எடுக்கச் சொல்லுங்கள். 6,00,000 மைலுக்கு 15,000 மணி என்றால் சராசரி 40, நெடுஞ்சாலை வண்டி. அதே மைலுக்கு 24,000 மணி என்றால் சராசரி 25. ஏசிக்காக இரவெல்லாம் ஐடிலில் நின்ற வண்டி, புகையைத் திருப்பி எஞ்சினுக்கு விடும் ஈஜிஆரிலும் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப்பிலும் கரி கட்டியிருக்கும். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் டாங்கில் குமிழி வருகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் இன்ஜெக்டர் கப் கசிவின் அடையாளம் அது. எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப ஆகும் செலவு ஒரு டயர் விலையில் சிறு பங்கு. புகை வடிகட்டும் சாதனங்களைப் பிடுங்கிய வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரானது, விற்கவும் முடியாது. 2010-க்குப் பிந்தைய எஞ்சினில் புகையைச் சுத்தம் செய்யும் டிஇஎஃப் திரவம் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு தலைவலி. டாங்கில் ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிட்டால் தரம் கெடும், கசிந்த இடத்தில் வெள்ளைப் படிகம் கட்டும். மாதம் ஒருமுறை வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைவிட, ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது டிபிஎஃப்புக்கு நல்லது.

காகித வேலையை வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் முடியுங்கள். பல மாநிலங்களில் மோட்டார்ஹோம் என்று பதிய, ஆறு வசதிகளில் நான்கு நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும்: சமையல், குளிர்சாதனப் பெட்டி, கழிவறை, தனியான வெப்ப அல்லது குளிரூட்டும் வசதி, சிங்கோடு குடிநீர், 110 வோல்ட் மின்சாரம் அல்லது எரிவாயு. ஸ்லீப்பரில் கீழ்ப் படுக்கையை எடுத்துவிட்டு இவற்றை அடக்கலாம். சொந்தப் பயன்பாடு என்பதால் வணிக உரிமம் தேவைப்படாமல் போகலாம், ஆனால் சாதாரண காரோட்டி உரிமமும் போதாது: டெக்சாஸில் இணைப்பின் மொத்த எடை 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் விலக்குபெற்ற ஏ வகுப்பு, கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு வணிகமல்லாத ஏ வகுப்பு. கதவிலுள்ள பழைய கம்பெனிப் பெயரையும் போக்குவரத்துத் துறையின் டாட் எண்ணையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். காப்பீட்டுக் கம்பெனியிடம் மாற்றத்தின் படங்களோடு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன சரி செல்லாது.

எல்லாம் பூட்டி முடிந்ததும், காரும் தண்ணீரும் சாமானும் ஏற்றி டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் எனும் எடை மேடையில் ஏற்றுங்கள். ஸ்டியரிங், டிரைவ் (டிரக்கின் பின் ஆக்ஸில்), டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எண் வரும். டிரைவ் ஆக்ஸில் 20,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 14,000 முதல் 16,000 வரை வரும். 295/75ஆர்22.5 டயர் நான்கு, 110 பிஎஸ்ஐயில் 22,700 பவுண்டு தாங்கும். அவ்வளவு காற்று உங்களுக்குத் தேவையில்லை. டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து 80, 85-க்கு இறக்கினால் முதுகு நன்றி சொல்லும். முன் டயரை இப்படி இறக்காதீர்கள், அதன் மீது எடை அவ்வளவாகக் குறையவில்லை. டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் பிறந்த வாரமும் ஆண்டும். டயரின் பட்டன் தேயாமலிருந்தாலும் ஏழு ஆண்டு கடந்தால் மாற்றிவிடுங்கள், ஸ்டியரிங் டயர் முதலில். முதல் 100 மைலில் ஆக்ஸில் யூ போல்ட், ஹிட்ச் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சக்கர நட் 450 முதல் 500 அடி-பவுண்டு. 500 மைலில் இன்னொரு முறை.